நாஸ் பேக்கப்புக்கு 8 டிபி யுஎஸ்பி டிஸ்க்: சோதனை, பார்ட்டிஷன், ஃபார்மட்

நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் எல்லாரும் ஃபைல் வைக்கும் டிஸ்க் பெட்டி) ஒருநாள் காலையில் கிளம்பவே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் எடுத்த யுஎஸ்பி டிஸ்க் மட்டும் கையில் இருக்கிறது. அதை எந்தக் கம்ப்யூட்டரில் செருகுவீர்கள்? அந்தக் கம்ப்யூட்டருக்கு அதைப் படிக்கத் தெரியுமா? ஃபார்மட் பட்டனை அழுத்துவதற்கு முன்பே இதற்குப் பதில் வேண்டும். எந்த ஃபைல் சிஸ்டம் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கிவைக்கும் முறை), எத்தனை பார்ட்டிஷன் (டிஸ்க்கைப் பிரிக்கும் பகுதிகள்) என்பதெல்லாம் இந்தக் கேள்வியை வைத்துத்தான் முடிவாகும்.

இங்கே எடுத்துக்கொள்வது வீடுகளிலும் சின்ன அலுவலகங்களிலும் அதிகம் இருக்கும் அமைப்பு: இரண்டு டிஸ்க் போடும் சினாலஜி நாஸ், அதில் 4 டிபி அளவுக்கு டேட்டா, பேக்கப்புக்கு 8 டிபி யுஎஸ்பி டிஸ்க். க்யூநாப், ஓப்பன்மீடியாவால்ட் வைத்திருப்பவர்களுக்கு மெனு பெயர்கள் மாறும், வேலை இதேதான்.

டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கும்போது

பேக்கப் டிஸ்க்கின் அளவு இப்போதைய டேட்டாவைப் போல இரண்டு மடங்கு இருக்கட்டும். பழைய வெர்ஷன்களுக்கும் இடம் வேண்டும், டேட்டாவும் வளரும். 8 டிபி என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தாலும் விண்டோஸில் 7.27 என்றுதான் தெரியும். தயாரிப்பாளர் ஆயிரத்தால் பெருக்குகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. எதுவும் காணாமல் போகவில்லை.

தனி அடாப்டரோடு வரும் 3.5 இஞ்ச் டிஸ்க்கே இந்த வேலைக்கு ஏற்றது. கையடக்கமான 2.5 இஞ்ச் டிஸ்க், யுஎஸ்பி போர்ட் தரும் மின்சாரத்தில்தான் ஓட வேண்டும். யுஎஸ்பி 3 போர்ட் கொடுப்பது 5 வோல்ட்டில் 900 மில்லிஆம்பியர், யுஎஸ்பி 2 போர்ட் 500 மில்லிஆம்பியர். டிஸ்க் சுழலத் தொடங்கும் நொடியில் இது போதாமல் போனால் "டிக், டிக்" என்று சத்தம் வரும், டிஸ்க் தானாகக் கழன்று மறுபடி சேரும். பலர் இதை டிஸ்க் கெட்டுவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். கேபிளை மாற்றி, ஹப் இல்லாமல் நேராக நாஸின் பின்பக்க யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

2.5 இஞ்ச் டிஸ்க்குகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. அவற்றில் பெருவாரி எஸ்எம்ஆர் வகை. ஓட்டு வீட்டின் கூரையில் ஓடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருப்பதுபோல டிராக்குகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி இருக்கும். ஒரு டிராக்கைத் திருத்தினால் பக்கத்து டிராக்குகளையும் மறுபடி எழுத வேண்டும். முதல் சில ஜிபி வேகமாகப் போகும். உள்ளிருக்கும் கேஷ் நிரம்பியதும் வேகம் படுத்துவிடும். ஒருமுறை எழுதி அலமாரியில் வைக்கும் டிஸ்க்குக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. தினமும் பழைய வெர்ஷன்களை அழித்துப் புதிதாக எழுதும் பேக்கப்புக்கு இது ஒத்துவராது.

நாஸ் யுபிஎஸ்ஸில் ஓடுகிறது என்றால் டிஸ்க்கின் அடாப்டரும் அதே யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் இது நேராகச் சுவர் சாக்கெட்டில்தான் இருக்கிறது. மின்வெட்டில் நாஸ் உயிரோடு எழுதிக்கொண்டிருக்க, எழுதப்படும் டிஸ்க் மட்டும் பாதியில் நின்றுபோகும்.

ஃபார்மட்டுக்கு முன் சோதனை

புது டிஸ்க் கெட்டுப்போவதென்றால் முதல் சில வாரங்களிலேயே கெட்டுப்போகும் வாய்ப்பு அதிகம். அதில் டேட்டாவைப் போடுவதற்கு முன்பே அதை வேலை வாங்கிவிட வேண்டும். திருப்பி அனுப்பும் நாள் கெடு முடிவதற்குள் இது நடக்க வேண்டும்.

விண்டோஸில் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டு ஸ்மார்ட் எண்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைப் பற்றி வைத்திருக்கும் பதிவுகளை, பாருங்கள். ஐடி 5, 197, 198 மூன்றும் சுழியமாக இருக்க வேண்டும். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் டேட்டா எழுதும் சின்னத் துண்டுகள்). 197 படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198 ஆஃப்லைன் ஸ்கேனிலும் மீட்க முடியாதவை. ஐடி 199 ஏறினால் குற்றம் பெரும்பாலும் டிஸ்க்கில் இல்லை, இணைப்பில் இருக்கிறது. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இந்த ஐடிகளைப் பதினாறடிமானத்தில் காட்டலாம்: 05, சி5, சி6, சி7.

பிறகு விண்டோஸில் "குயிக் ஃபார்மட்" டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் ஓட விடுங்கள். விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மட் என்பது டிஸ்க் முழுக்கச் சுழியம் எழுதும் வேலை. ஒவ்வொரு செக்டரும் ஒருமுறை தொடப்படும். சராசரியாக நொடிக்கு 150 எம்பி என்றால் 8 டிபிக்கு 15 மணி நேரம் ஆகும். மாலையில் தொடங்கினால் மறுநாள் காலை முடியும். இதே வேலையைத் தவறிப்போய் யுஎஸ்பி 2 போர்ட்டில் தொடங்கினால் நொடிக்கு 35 எம்பி வீதம் 63 மணி நேரம், அதாவது இரண்டரை நாளுக்கு மேல். மிச்ச நேரம் இரண்டு நாள் என்று காட்டினால் முதலில் போர்ட்டைத்தான் பார்க்க வேண்டும்.

உபுண்டு லினக்ஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு பேட்பிளாக்ஸ் என்ற கட்டளை இதைவிடக் கறாரானது. எழுதிச் சோதிக்கும் முறையில் நான்கு விதமான பேட்டர்ன்களை எழுதி, ஒவ்வொன்றையும் திரும்பப் படித்துப் பார்க்கும். ஆக எட்டுச் சுற்று. 8 டிபிக்கு ஐந்து நாள் வரை ஆகும். பிளாக் அளவைச் சொல்லாமல் விட்டால் 1024 பைட் என்று எடுத்துக்கொள்ளும். அதன் எண்ணிக்கை 32 பிட்டுக்குள் அடங்க வேண்டும் என்பதால் 4 டிபியைக் கொஞ்சம் தாண்டியதுமே எரர் சொல்லி நின்றுவிடும். 8 டிபிக்கு 4096 கொடுங்கள். 18 டிபி, அதற்கு மேல் என்றால் 4096-உம் போதாது, 8192 வேண்டும். எழுதும் முறை டிஸ்க்கில் இருக்கும் எல்லாவற்றையும் அழித்துவிடும். காலி டிஸ்க்கில் மட்டும் ஓட்டுங்கள்.

சோதனை முடிந்ததும் அதே ஸ்மார்ட் எண்களை மறுபடி பாருங்கள். 197-இல் ஒன்றே ஒன்று கூடியிருந்தாலும் அந்த டிஸ்க் பேக்கப்புக்கு வேண்டாம், மாற்றி வாங்குங்கள்.

எம்பிஆர் வேண்டாம், ஜிபிடி மட்டும்

பார்ட்டிஷன் டேபிள் என்பது எந்தப் பகுதி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்ற பட்டியல்; எம்பிஆர் அதில் பழைய வகை, ஜிபிடி புதிய வகை. எம்பிஆர் டேபிளில் செக்டர் எண்ணுக்கு 32 பிட்தான் இடம். 512 பைட் செக்டர் என்றால் ஏறத்தாழ 2.2 டிபியோடு முடிந்தது. அதற்கு மேல் உள்ள இடத்தைத் தொடவே முடியாது. ஜிபிடிக்கு இந்தத் தடை இல்லை. தவிர, டேபிளின் இன்னொரு பிரதியை டிஸ்க்கின் கடைசியில் வைத்திருக்கும். முன்பக்கம் சேதமானால் பின்பக்கத்திலிருந்து மீட்கலாம்.

3 டிபி டிஸ்க் போட்டும் 746 ஜிபிதான் தெரிகிறது என்றால் கோளாறு பார்ட்டிஷனில் இல்லை. டிஸ்க்கைச் செருகும் பழைய யுஎஸ்பி டாக்கிலோ, டிஸ்க்கை மூடியிருக்கும் கேசிங்கிலோ உள்ள சிப்புக்கு 2 டிபிக்கு மேல் எண்ணத் தெரியவில்லை. அந்த அளவைக் கழித்த மிச்சம்தான் 746. எத்தனை முறை ஃபார்மட் செய்தாலும் சரியாகாது, கேசிங்கை மாற்ற வேண்டும்.

கேசிங் தொடர்பாக இன்னொரு சிக்கலும் உண்டு. சில கேசிங்குகள் 512 பைட் செக்டரை 4096 என்று மாற்றிக் காட்டும். சில பிராண்டுகளின் யுஎஸ்பி போர்டு நாம் பாஸ்வேர்டு எதுவும் வைக்காவிட்டாலும் டேட்டாவை என்கிரிப்ட் செய்தே எழுதும். இரண்டிலும் டிஸ்க்கைக் கழற்றி நேராக சாட்டா கேபிளில் போட்டால் பார்ட்டிஷன் இல்லாத வெற்று டிஸ்க்காகத் தெரியும். டேட்டா அங்கேயேதான் இருக்கும், படிக்கத்தான் முடியாது. டேட்டாவை ஏற்றும் முன், சின்னதாக ஒரு பார்ட்டிஷன் போட்டு நாலு ஃபைல் எழுதி, டிஸ்க்கை வேறொரு டாக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கேசிங்கைத் திறந்தால் வாரன்டி போகும் என்றால் இந்தச் சோதனை வேண்டாம். அதற்குப் பதில், கேசிங் பழுதானால் டிஸ்க்கும் போனதுபோல்தான் என்று கணக்கில் வைத்து, இரண்டாவது பேக்கப் டிஸ்க்கை வேறு பிராண்டில் வாங்குங்கள்.

எந்த ஃபைல் சிஸ்டம்

டிஸ்க்கில் எழுதப்போவது நாஸ் என்றால் லினக்ஸின் வழக்கமான ஃபைல் சிஸ்டமான எக்ஸ்ட்4. சுற்றிவளைக்க எதுவும் இல்லை.

எக்ஸ்ஃபேட் எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறக்கும் என்பதால் பலர் அதைப் போடுகிறார்கள். அதில் ஜர்னல், அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு, கிடையாது. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் எது முழுதாக எழுதப்பட்டது, எது பாதியில் நின்றது என்று அதற்குத் தெரியாது. யார் எந்த ஃபைலைத் திறக்கலாம் என்ற பெர்மிஷனும் பதிவாகாது. பெரிய டிஸ்க்கில் விண்டோஸ் அதற்குக் கொடுக்கும் கிளஸ்டர் (ஒரு ஃபைலுக்கு ஒதுக்கும் குறைந்தபட்ச இடம்) 128 கேபி. 10 கேபி அளவுள்ள ஒரு லட்சம் ஃபைல்கள் 1 ஜிபியில் அடங்க வேண்டியவை. இங்கே 13 ஜிபியைப் பிடித்துக்கொள்ளும். நண்பருக்கு வீடியோ கொடுத்து வாங்க எக்ஸ்ஃபேட் நல்லதுதான். பேக்கப்புக்கு அது சரிப்படாது.

என்டிஎஃப்எஸ்ஸுக்கு ஜர்னல் உண்டு, விண்டோஸில் நேராகத் திறக்கும். ஆனால் நாஸில் ஓடுவது லினக்ஸ். சொல்லாமல் கொள்ளாமல் டிஸ்க்கைப் பிடுங்கினால் என்டிஎஃப்எஸ்ஸில் "சரிபார்க்க வேண்டியது" என்ற குறி விழும். அதன்பின் லினக்ஸ் அதைப் படிக்க மட்டும் அனுமதித்து எழுத மறுக்கலாம். விண்டோஸுக்குக் கொண்டுபோய் செக்டிஸ்க் ஓட்டிய பிறகுதான் பழைய நிலைக்கு வரும். இதற்குள் பல இரவுகளின் பேக்கப் தவறியிருக்கும். ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது, அதனால் அதுவும் இல்லை.

எக்ஸ்ட்4-ஐ விண்டோஸ் படிக்காதே என்பதுதான் வரும் எதிர்க்கேள்வி. உபுண்டு லைவ் பென்டிரைவ் (லினக்ஸைப் பென்டிரைவிலிருந்தே நேராக ஓட்டுவது) ஒன்று தயாராக இருந்தால் பெரும்பாலான லேப்டாப்புகள் அதைப் படிக்கும்; எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. அந்தப் பென்டிரைவை இன்றே தயார்செய்து பேக்கப் டிஸ்க்கோடு சேர்த்து வைத்துவிடுங்கள். சினாலஜியின் பேக்கப் மென்பொருளான ஹைப்பர் பேக்கப்பின் பல வெர்ஷன் பேக்கப்பைத் திறக்க ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரர் என்ற மென்பொருளும் வேண்டும். வெறும் ஃபோல்டராகத் திறந்தால் உங்கள் ஃபைல் பெயர்கள் எதுவும் தெரியாது. ஃபைல்கள் பெயரோடு அப்படியே தெரிய வேண்டும் என்றால் ஒற்றை வெர்ஷன் வகையைத் தேர்ந்தெடுங்கள். அதில் போன வார நிலைக்குத் திரும்ப முடியாது. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கிய மறுநாள் பேக்கப் ஓடினால் கெட்ட ஃபைல்களே நல்லவற்றின் மேல் எழுதப்படும். எனவே பல வெர்ஷன் வகையே மேல்.

எத்தனை பார்ட்டிஷன்

ஒரே டிஸ்க்கை இரண்டாகப் பிரித்து இரண்டிலும் பேக்கப் எடுத்தால் அது இரண்டு பேக்கப் ஆகாது. மோட்டார் ஒன்று, ஹெட்டுகளைத் தாங்கும் கையும் ஒன்று. போனால் இரண்டும் சேர்ந்தே போகும். இரண்டு வேலையும் ஒரே நேரத்தில் ஓடினால் ஹெட் டிஸ்க்கின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அலைந்து வேகமும் பாதியாகும்.

ஒரே ஒரு பிரிவினைதான் பயன் தருவது: முன்னால் 2 ஜிபி அளவில் ஒரு ஃபேட்32, மிச்சம் முழுவதும் எக்ஸ்ட்4. அந்தச் சின்னப் பார்ட்டிஷனில் ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரரின் இன்ஸ்டாலர்களும் ஒரு டெக்ஸ்ட் ஃபைலும் இருக்கும். "இந்த டிஸ்க்கில் எங்கள் நாஸ் பேக்கப் இருக்கிறது. விண்டோஸ் ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் 'கேன்சல்' கொடுக்கவும். திறக்கும் முறை கீழே" என்று அதில் எழுதிவையுங்கள். அவசரத்தில் டிஸ்க்கை விண்டோஸில் செருகப்போவது நீங்களாக இல்லாமலும் போகலாம். நன்றாக இருந்த பேக்கப்புகள் பல, அந்த "ஃபார்மட் டிஸ்க்" பட்டனை வீட்டில் வேறொருவர் அழுத்தியதால் அழிந்தவை. பாஸ்வேர்டை மட்டும் அந்த ஃபைலில் எழுதாதீர்கள்.

செய்முறை

இந்த இரட்டைப் பார்ட்டிஷனை உபுண்டு லைவில் போடுவது எளிது. முதலில் மற்ற யுஎஸ்பி டிஸ்க்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிபி, எஸ்டிசி என்ற பெயர்கள் ஒவ்வொரு பூட்டிலும் மாறக்கூடியவை, அவற்றை நம்ப வேண்டாம். கொள்ளளவையும் சீரியல் எண்ணையும் டிஸ்க்கின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரோடு ஒப்பிடுங்கள்.

1. பார்ட்டிஷன் போடும் மென்பொருளான ஜிபார்ட்டெட்டைத் திறந்து வலது மேல் மூலையில் சரியான டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். ஏதாவது பார்ட்டிஷன் மவுன்ட் ஆகியிருந்தால் (சிஸ்டம் அதைத் திறந்து வைத்திருந்தால்) ரைட் கிளிக் செய்து அன்மவுன்ட் செய்யுங்கள்.

2. டிவைஸ் மெனுவில் "கிரியேட் பார்ட்டிஷன் டேபிள்". வகை ஜிபிடி என்று இருக்கிறதா என்று பார்த்த பிறகே அப்ளை.

3. புதுப் பார்ட்டிஷன்: முன்னால் விடும் இடம் 1 எம்பி, அளவு 2048 எம்பி, ஃபேட்32. "அலைன்" என்ற இடத்தில் எம்ஐபி என்பதை மாற்றாதீர்கள். இன்றைய டிஸ்க்குகள் உள்ளே 4096 பைட்டாகத்தான் எழுதுகின்றன. பார்ட்டிஷன் அந்த எல்லையில் தொடங்காவிட்டால் ஒவ்வொரு சின்ன எழுத்துக்கும் டிஸ்க் ஒரு துண்டைப் படித்து, திருத்தி, மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

4. மிச்சம் முழுவதும் எக்ஸ்ட்4. லேபிளில் வாங்கிய ஆண்டும் வரிசை எண்ணும் வரும்படி இடைவெளி இல்லாமல் 16 எழுத்துக்குள் ஒரு பெயர். பச்சை டிக்கை அழுத்தினால் வேலை தொடங்கும், ஓரிரு நிமிடம்.

எக்ஸ்ட்4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட் யூசருக்கு (லினக்ஸின் நிர்வாகி) என்று ஒதுக்கிவைக்கும். 8 டிபியில் அது 400 ஜிபி. சிஸ்டம் ஓடும் டிஸ்க்குக்கு அது தேவை, பேக்கப் டிஸ்க்குக்குத் தேவையில்லை. டெர்மினலில் டியூன்2எஃப்எஸ் கட்டளையின் எம் ஆப்ஷனில் 1 கொடுத்தால் 80 ஜிபியாகக் குறையும். சுழியம் வரை போக வேண்டாம். விளிம்புவரை நிரம்பிய எக்ஸ்ட்4-இல் ஃபைல்கள் துண்டு துண்டாகச் சிதறும்.

ஒவ்வொரு ஃபைலுக்கும் ஃபோல்டருக்குமான விவரக் குறிப்புதான் ஐநோட்; அந்த ஐநோட் டேபிளுக்கும் ஓர் இடம் போகும்: இந்த அளவு டிஸ்க்கில் 32 கேபிக்கு ஒரு ஐநோட் வீதம், ஏறத்தாழ 60 ஜிபி. பெரிய ஃபைல்கள் மட்டும் என்று உறுதியாகத் தெரிந்தால் ஃபார்மட்டின்போதே குறைக்கலாம். மாறாத ஃபைலை மறுபடி காப்பி செய்யாமல் ஹார்ட் லிங்க் வைத்துத் தினசரி ஸ்னாப்ஷாட் (அன்றைய நிலையின் பிரதி) எடுக்கும் ஆர்சிங்க் (லினக்ஸில் ஃபைல்களைப் பிரதியெடுக்கும் கட்டளை) முறைக்கு ஒவ்வொரு நாளும் ஃபோல்டர்கள் புதிதாக ஐநோட் கேட்கும். அங்கே குறைத்தால் இடம் இருந்தும் "இடம் இல்லை" என்ற எரர் வரும். சந்தேகம் இருந்தால் அப்படியே விடுங்கள்.

ஒரே பார்ட்டிஷன் போதும் என்பவர்களுக்கு உபுண்டு தேவையில்லை. சினாலஜி நாஸின் சிஸ்டமான டிஎஸ்எம்மில் கன்ட்ரோல் பேனல், எக்ஸ்டர்னல் டிவைசஸ் போய் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து ஃபார்மட், எக்ஸ்ட்4. ஜிபிடியை அதுவே போட்டுக்கொள்ளும். இரட்டைப் பார்ட்டிஷன் போட்டவர்கள் இந்தப் பக்கத்தில் ஃபார்மட்டைத் தொட வேண்டாம்; முழு டிஸ்க் என்று கொடுத்தால் போட்ட பார்ட்டிஷன்கள் போய்விடும்.

தமிழில் பெயர் வைத்த ஃபைல்கள்

நாஸில் தமிழ்ப் பெயர்கள் நிறைய இருந்தால் இதைக் கட்டாயம் பாருங்கள். எக்ஸ்ட்4-இல் ஒரு ஃபைலின் பெயர் 255 பைட்டுக்குள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழுக்கு யுடிஎஃப்-8-இல் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். உயிர்மெய்யின் கொம்பும் சுழியும் புள்ளியும் தனித்தனிக் குறிகள். "திருமணம்" கண்ணுக்கு ஐந்து எழுத்து. கம்ப்யூட்டருக்கு த, ி, ர, ு, ம, ண, ம, ் என்று எட்டுக் குறி, 24 பைட். ஆக ஒரு பெயரில் 85 குறிகள்தான் அடங்கும்; படிக்கும்போது ஐம்பது, ஐம்பத்தைந்து எழுத்து. என்டிஎஃப்எஸ்ஸும் எக்ஸ்ஃபேட்டும் 255 குறிகள் வரை ஏற்கும் என்பதால் விண்டோஸில் சிக்கலில்லாமல் இருந்த ஃபைல், எக்ஸ்ட்4-க்கு காப்பி செய்யும்போது "பெயர் மிக நீளம்" என்று விடுபடும்.

சினாலஜியின் என்கிரிப்ட் செய்த ஷேர்டு ஃபோல்டரில் இந்த எல்லை இன்னும் குறுகும்: 143 பைட், அதாவது தமிழில் 47 குறிகள். "பாட்டி தாத்தா அறுபதாம் கல்யாணம் மாலை வரவேற்பு" என்ற பெயரே அதில் 125 பைட்டைப் பிடித்துக்கொள்ளும். நீளமான விவரத்தை ஃபோல்டர் பெயரிலும் ஃபைல் பெயரிலுமாகப் பிரித்து வையுங்கள். முதல் பேக்கப் முடிந்ததும் லாகைத் திறந்து விடுபட்ட ஃபைல்கள் உண்டா என்று ஒருமுறை படியுங்கள்.

பேக்கப் வேலையை அமைப்பது

ஹைப்பர் பேக்கப்பில் "லோக்கல் ஃபோல்டர் அண்ட் யுஎஸ்பி" வகையில் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனைக் காட்டுங்கள். இரண்டு டிஸ்க்கை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி டாஸ்க் போடுங்கள். ஒரே டாஸ்க்கை இரண்டுக்கும் ஓட்டினால் வெர்ஷன் வரலாறு குழம்பும். என்கிரிப்ஷன் வைத்தால் அது கொடுக்கும் கீ ஃபைலையும் பாஸ்வேர்டையும் நாஸுக்கும் இந்த டிஸ்க்குக்கும் வெளியே வையுங்கள். இரண்டும் தொலைந்தால் டேட்டாவை யாராலும் மீட்க முடியாது.

வேலை வெற்றியாக முடிந்ததும் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைத் தானாக நீக்கும் ஆப்ஷனை டிக் செய்யுங்கள். மவுன்ட் ஆகியே கிடக்கும் டிஸ்க்கில் நாஸுக்குள் புகுந்த ரான்சம்வேராலும் எழுத முடியும். தானாக நீங்கிய டிஸ்க் மறுநாள் தானாகத் திரும்பாது, கேபிளைக் கழற்றிச் செருக வேண்டும். வாரம் ஒரு பேக்கப் என்றால் இது பாரமில்லை.

4 டிபியின் முதல் பேக்கப், நொடிக்கு 100 எம்பி கிடைத்தால் 11 மணி நேரம். சின்ன புராசசர் உள்ள நாஸில் கம்ப்ரெஷனும் என்கிரிப்ஷனும் சேர்ந்தால் ஒரு நாளையும் தாண்டும். வெள்ளி இரவு தொடங்குங்கள்.

சொந்தமாக லினக்ஸ் மெஷினை நாஸாக வைத்து ஆர்சிங்க் ஓட்டுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. டிஸ்க் மவுன்ட் ஆகாத இரவிலும் ஆர்சிங்க் நிற்காது. மவுன்ட் பாயின்டாக இருக்கும் வெறும் ஃபோல்டருக்குள், அதாவது சிஸ்டம் டிஸ்க்கிலேயே எழுதிக்கொண்டே போகும். காலையில் சிஸ்டம் டிஸ்க் நிரம்பி மெஷின் திணறும். எஃப்எஸ்டேபில் (மவுன்ட் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) மாறாத அடையாள எண்ணான யுயுஐடி கொடுத்து, டிஸ்க் இல்லாவிட்டாலும் பூட் நிற்காமலிருக்க நோஃபெயில் சேர்த்து மவுன்ட் செய்யுங்கள். ஸ்கிரிப்டின் முதல் வரியில் மவுன்ட்பாயின்ட் கட்டளையால் சரிபார்த்து, மவுன்ட் ஆகவில்லை என்றால் வெளியேறும்படி எழுதுங்கள். டிஸ்க் கழன்றிருக்கும்போது அந்தக் காலி ஃபோல்டருக்கு சிஹெச்ஆட்டர் கொண்டு மாற்றமுடியாத குறியும் வைத்துவிட்டால் தவறி எழுதவும் வழி இருக்காது.

முதல் பேக்கப் முடிந்த அன்றே டிஸ்க்கை நாஸிலிருந்து கழற்றி, உபுண்டு பென்டிரைவில் பூட் செய்த லேப்டாப்பில் செருகுங்கள். ஹைப்பர் பேக்கப் எக்ஸ்ப்ளோரரில் பேக்கப்பைத் திறந்து பெரிய வீடியோ ஒன்று, தமிழ்ப் பெயருள்ள ஃபோட்டோ ஃபோல்டர் ஒன்று, ஒரு எக்செல் ஃபைல் என்று மூன்றை வெளியே எடுத்துத் திறந்து பாருங்கள். மூன்றும் திறந்தால் டிஸ்க்கின் மேல் தேதியையும் லேபிள் பெயரையும் எழுதி ஒட்டி, நாஸ் இல்லாத வேறு அறையில் வைக்கலாம். அடாப்டரிலும் அதே லேபிளை ஒட்டுங்கள். 12 வோல்ட் அடாப்டரும் 19 வோல்ட் லேப்டாப் அடாப்டரும் ஒரே மாதிரி பின்னோடு வருவதுண்டு, மாற்றிச் செருகினால் போர்டு கருகிவிடும்.